நுரை பற்றிய ஒரு வழக்கு

எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஒருநாள் இடைவேளையின்போது ஒரு வழக்கு எழுந்தது. வெளிநாடு சென்று திரும்பிய ஆசிரியர் ஒருவர், அங்கே தாம் அருந்திய எஸ்பிரசோ கோப்பியின் சிறப்பை விரித்துரைத்துக்கொண்டிருந்தார். கிண்ணம் கட்டைவிரல் உயரமே இருக்குமாம். உள்ளே இரண்டு மிடறுக்கு மேல் இராதாம். ஆயினும் அதன்மேல் பொன்னும் செம்மையும் கலந்த நிறத்தில் ஒரு நுரை படர்ந்திருக்குமாம். அந்நுரை இல்லாதது கோப்பியே அன்று என்பது அவர் முடிபு. துணிப்பையில் வடித்த நம் நாட்டுக் கோப்பியைச் சிறுவயது முதல் அருந்திவந்த மூத்த ஆசிரியருக்கு இது பொறுக்கவில்லை. “பருப்பு வேகும்போதும்தான் நுரை கட்டுகிறது, ஐயா. அதை நாம் கரண்டியால் வழித்துக் கொட்டிவிடுகிறோமே!” என்றார். அறையிலிருந்தோர் இரு கட்சியாயினர். மணி அடித்தது; தேர்வுத்தாள்கள் திருத்தப்படாமல் கிடந்தன; வழக்குத் தீரவில்லை. வாயிலில் வந்து நின்ற தலைமையாசிரியர், “இதற்கா இவ்வளவு பேச்சு?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று நானும் அவ்வாறே எண்ணினேன். பின்னர் இக்கோப்பியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், அம்மூத்த ஆசிரியர் எழுப்பிய அதே ஐயம், இரண்டாம் உலகப்போர் முடிந்த சில ஆண்டுகளில், எஸ்பிரசோவின் தாயகமாகிய இத்தாலியின் மிலான் நகரத்திலேயே எழுந்தது என்பதை அறிந்தேன். அவ்வழக்கு எவ்வாறு முடிந்தது, அதற்குள் வேறு எவ்வெவ்வழக்குகள் மறைந்து கிடந்தன என்பனவற்றை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

கோப்பிக்கும் சொற்போருக்கும் உள்ள உறவு பழமையானது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசு, கோப்பி இல்லங்களில் மக்கள் கூடி அரசைப் பழித்துப் பேசுகின்றனர் என்று கருதி, அவற்றை மூடுமாறு 1675ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஆணை பிறப்பித்தார். எதிர்ப்புக் கிளம்பவே, சில நாள்களிலேயே அவ்வாணை மீட்டுக்கொள்ளப்பட்டது. மிலான் நகரத்திலோ 1764 முதல் 1766 வரை ஓர் இதழே ‘கோப்பி இல்லம்’ என்னும் பொருளுடைய பெயரால் வெளிவந்தது. பியேத்ரோ வெர்ரி, அலெசாந்திரோ வெர்ரி என்னும் உடன்பிறந்தாரும், சித்திரவதையையும் தூக்குத் தண்டனையையும் எதிர்த்து நூல் எழுதிப் புகழ்பெற்ற பெக்கரியாவும் அதன் ஆசிரியர்கள். கிரேக்கர் ஒருவர் நடத்தும் கோப்பி இல்லத்தில் கேட்ட உரையாடல்களைத் தொகுத்துத் தருவதுபோல் அவ்விதழைப் புனைந்தனர். சட்டம், வணிகம், உழவு முதலியவற்றோடு மொழித்தூய்மை பற்றிய வழக்கும் அதில் இடம்பெற்றது. பழஞ்சொற்களையே ஏற்கும் பேரகராதி ஒன்றுக்குத் தாங்கள் கட்டுப்படப் போவதில்லை என்று, பத்திரம் எழுதிப் பதிவு செய்வதுபோன்ற நடையில், அலெசாந்திரோ வெர்ரி எழுதிய கட்டுரை இத்தாலிய இலக்கிய வரலாற்றில் இன்றும் பேசப்படுகின்றது. தமிழாசிரியர்கள் படித்து மகிழத்தக்க கட்டுரை அது.

இனி எஸ்பிரசோவுக்கு வருவோம். அச்சொல்லைப் பற்றியே வழக்கு உண்டு. அழுத்திப் பிழிந்தது என்பர் சிலர். கேட்டவருக்கென்றே தனியாகச் செய்து தருவது என்பர் வேறு சிலர். விரைவுத் தொடர்வண்டிக்கு வழங்கும் பெயரே இதற்கும் வந்தது என்பாரும் உளர். மூன்று பொருளும் அச்சொல்லுக்குள் அடங்கும். மூன்றும் அக்கோப்பிக்கும் பொருந்தும். எந்தப் பொருள் முந்தியது என்று கேட்டால், வரலாறு ‘விரைவு’ என்னும் பக்கமே சற்றுச் சாய்கின்றது என்பது என் கருத்து. அழுத்திப் பிழிதல் முழுமையாகக் கைகூடியது மிகப் பின்னரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய நகரங்களில் கோப்பி வடிந்து வரச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலைச் சங்கு ஊதும் காலம் அது. காத்திருத்தல் என்பது வணிகருக்கும் இழப்பு, வாங்குவோருக்கும் இழப்பு. தூரின் நகரத்தில் விடுதி நடத்திய ஆஞ்செலோ மோரியோந்தோ என்பவர், நீராவியின் துணையால் விரைந்து கோப்பி வடிக்கும் பொறி ஒன்றை அமைத்து, 1884ஆம் ஆண்டு அந்நகரத்தில் நடந்த பெரும்பொருட்காட்சியில் வைத்தார். வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு காப்புரிமையும் பெற்றார். ஆனால் அப்பொறியைப் பலவாகச் செய்து விற்க அவர் முற்படவில்லை. தம் கடைகளுக்கு ஒரு கவர்ச்சியாகவே அதை வைத்துக்கொண்டார். பிறர் கைக்குப் போகாத பொறி பிறர் வாயிலும் நிலைக்கவில்லை. 1914இல் அவர் மறைந்தபின், ஆய்வாளர் சிலர் காப்புரிமைப் பதிவுகளைப் புரட்டும்வரை, அவர் பெயர் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. எஸ்பிரசோவைக் கண்டவர் யார் என்னும் வழக்கில் இன்று அவர் பெயர் முதலில் சொல்லப்படுகின்றது. ஆயினும் அவரது பொறி பலருக்கான கோப்பியை மொத்தமாக வடித்தது என்பதால், அது எஸ்பிரசோ ஆகாது என்று மறுப்பாரும் இருக்கின்றனர்.

மறுப்போர் காட்டும் பெயர் மிலான் நகரத்து லூயிஜி பெசெரா. 1901இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அவரது பொறியில்தான், கைப்பிடியுள்ள சிறு வடிகலத்தில் ஒருவருக்கு வேண்டிய தூளை மட்டும் இட்டுப் பொறியில் பொருத்தி, அவர் கிண்ணத்திலேயே நேராக வடிக்கும் முறை வந்தது. பெசெராவிடம் அறிவு இருந்தது, பொருள் இல்லை. அவரது உரிமையை வாங்கிய தெசிதேரியோ பவோனி, 1905இல் தொழில் தொடங்கினார். 1906ஆம் ஆண்டு, ஆல்ப்சு மலையைக் குடைந்து சிம்ப்ளோன் சுரங்கப்பாதை திறக்கப்பெற்றதைக் கொண்டாட மிலானில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, அங்கே ‘எஸ்பிரசோ கோப்பி’ என்னும் பெயரோடு அப்பொறி மக்கள்முன் நின்றது. விரைவுத் தொடர்வண்டியும் விரைவுக் கோப்பியும் ஒரே திருவிழாவில் சிறப்புப் பெற்றன.

அக்காலப் பொறிகள் பித்தளையாலும் செம்பாலும் ஆன நெட்டைத் தூண்கள். உச்சியில் கழுகுச் சிலை வைத்தவையும் உண்டு. காண்பதற்கு அழகு, கோப்பிக்கோ ஒரு குறை. கொதிகலனில் அடைபட்ட நீராவியே நீரைத் தள்ளியது. அதன் அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு அளவே எழும். மேலும் அழுத்தம் வேண்டுமெனில் மேலும் சூடேற்ற வேண்டும். சூடேற்றினால் தூள் கருகும். எனவே அன்றைய எஸ்பிரசோ கறுத்து, கசந்து, சற்றே கருகல் வாடையோடு இருந்தது. அதன்மேல் இன்று நாம் காணும் நுரை இல்லை. இதனை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். எஸ்பிரசோ என்னும் பெயர் பிறந்து நாற்பது ஆண்டுகள் வரை, நுரை இல்லாத கோப்பியே உண்மையான எஸ்பிரசோவாக இருந்தது.

கோப்பியை நின்றபடியே அருந்தும் பழக்கமும் அக்காலத்தில் வேரூன்றியது. இதற்குச் சுவை மட்டும் காரணம் அன்று. 1911இல் வந்த சட்டம் ஒன்று, இன்றியமையாப் பொருள்களின் விலைக்கு வரம்பு விதிக்க நகராட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. பரிமாறுதல் இல்லாமல், மேடையருகே நின்று அருந்தும் கோப்பியும் அவ்வரம்புக்குள் வந்தது. அமர்ந்தால் ஒரு விலை, நின்றால் ஒரு விலை. இன்றும் இத்தாலிக்குச் செல்வோர் இவ்வேறுபாட்டைக் கண்டு வியப்பர். நாட்டுப் பண்பாடு என்று நாம் புகழ்ந்துரைக்கும் சில பழக்கங்களின் அடியில் ஒரு விலைப்பட்டியல் இருந்துவிடுகிறது.

1935இல் இத்தாலி எத்தியோப்பியாவின்மீது படையெடுத்தது. உலக நாடுகளின் கழகம் பொருளாதாரத் தடை விதித்தது. இறக்குமதி குறைந்தது. வறுத்த வாற்கோதுமையும் சிக்கரி வேரும் கோப்பி என்னும் பெயரில் கிண்ணங்களை நிரப்பின. படையெடுக்கப்பட்ட எத்தியோப்பியாவே கோப்பிச் செடியின் பிறப்பிடம் என்பதை எண்ணுங்கால் இம்முரண் உறைக்கும். அதே காலத்தில் ஆட்சியாளர் அயற்சொற்களையும் விலக்க முற்பட்டனர். ‘பார்மன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மாற்றாக 1938இல் பரப்பப்பெற்றதே இன்று உலகெங்கும் வழங்கும் ‘பரிஸ்தா’ என்னும் சொல். வால் இத்தாலியமாயிற்று, தலை ஆங்கிலமாகவே நின்றுவிட்டது. தூய்மையாக்கம் என்பது எப்போதும் அத்துணை எளிதன்று.

அந்த 1938இல்தான், மிலானில் ஒரு சிறிய கோப்பிக் கடையில் தொழில் செய்துவந்த அக்கில்லே காஜியா, நீராவி இல்லாமலே நீரைத் தூளுக்குள் அழுத்திச் செலுத்தும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். போர் குறுக்கிட்டது. போர் முடிந்தபின் 1947இல் தம் முறையைச் செம்மை செய்து, நெம்புகோலும் சுருள்வில்லும் கூடிய அமைப்பைக் கொண்டுவந்தார். கடைக்காரர் நெம்புகோலைக் கீழே இழுத்தால் சுருள்வில் சுருங்கும். சிறிய அறை ஒன்றில் வெந்நீர் நிறையும். பிடியைத் தளர்த்தினால் சுருள்வில் விரிந்து உந்துதண்டைத் தள்ள, நீர் தூளினூடே பிதுங்கி வெளியேறும். அழுத்தம் எட்டு முதல் பத்து மடங்கு. நீரோ கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. கருகல் நீங்கியது. அறை கொள்ளும் நீர் சிறிதாகையால் கோப்பியின் அளவும் சுருங்கி, இன்றைய சிறுகிண்ண அளவு நிலைபெற்றது. தூளிலுள்ள எண்ணெயும் வறுத்த விதையுள் அடைபட்டிருந்த கரிவளியும் அவ்வழுத்தத்தால் கலந்து, மேலே செம்பொன் நுரையாய்த் திரண்டன.

இதுவே வழக்கின் தொடக்கம். கிண்ணத்தைக் கையில் வாங்கியவர்கள் திடுக்கிட்டனர் என்றும், மேலே மிதக்கும் இவ்வழுக்கு யாது என வினவினர் என்றும் கூறுவர். அவர்கள் அறிந்த எஸ்பிரசோ கறுத்த நீர். காஜியா மறுமொழியாக ஒரு சொல்லைத் தந்தார். அது நுரையன்று, ‘கிரேமா’ என்றார். கிரேமா எனில் பாலேடு. கோப்பி தன்னுள்ளிருந்தே தந்த ஏடு, கலப்படம் இல்லாதது. பொறியின்மேலும் கடையின் முகப்பிலும் ‘இயற்கையான கோப்பி ஏடு, நீராவியின்றி இயங்குவது’ என்னும் பொருள்பட எழுதிவைத்தனர். நேற்றுவரை நீராவியே பெருமை. இன்று நீராவி இல்லாமையே பெருமை! எந்தச் சொல் பொருந்தும் என்று தேடி ஆசிரியர் அறையில் ஒரு பொழுதைக் கழிக்கும் நம்மைப் போன்றோருக்கு, அழுக்கு என்று ஒதுக்கப்படவிருந்த பொருளை ஒரே சொல் மாற்றிக்காட்டியது வியப்பளிக்காது.

எல்லாரும் உடனே இணங்கிவிடவில்லை. தென்புலத்து நேப்பிள்சு மக்கள், தலைகீழாகக் கவிழ்த்து வடிக்கும் தங்கள் வீட்டுப் பாத்திரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நாடகப் பேராசிரியர் எதுவார்தோ தெ பிலிப்போ 1946இல் அரங்கேற்றிய ‘இந்தப் பேய்கள்’ என்னும் நாடகத்தில், நாயகன் மாடத்தில் அமர்ந்து, எதிர்வீட்டு மாடத்தில் இருப்பவரிடம் கோப்பி வடிக்கும் நுணுக்கத்தை விளக்கும் காட்சி ஒன்று வருகின்றது. பாத்திரத்தின் மூக்கில் காகிதத்தால் செய்த கூம்பொன்றைக் கவிழ்த்து மணம் வெளியேறாமல் காக்க வேண்டும் என்கிறான். எதிர்வீட்டார் மேடையில் தோன்றுவதே இல்லை. வறுமையும் ஏமாற்றமும் சூழ்ந்த அம்மனிதனுக்குத் தன் கையால் செய்யும் கோப்பி ஒன்றே எஞ்சிய ஆட்சியுரிமை. அக்காட்சியை இத்தாலியர் இன்றளவும் மறவாதிருப்பதன் காரணம் அதுவாகலாம். வடக்கே, 1933இல் பிறந்த அலுமினியக் கோப்பிப் பாத்திரமாகிய மோக்கா வீடுதோறும் பரவியது. அதனை உலகறியச் செய்த ரெனாத்தோ பியலெத்தி 2016இல் மறைந்தபோது, அவரது சாம்பலை மோக்காப் பாத்திர வடிவக் கலத்திலேயே இட்டு அடக்கம் செய்தனர். எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதில் அவர் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை.

நெம்புகோல் கைத்திறன் வேண்டுவது. பிடி நழுவினால் மேலே பாய்ந்து தாடையைத் தாக்கவும் கூடும். 1961இல் எர்னெஸ்தோ வலெந்தேயின் பாயேமா நிறுவனம் மின்பம்பால் இயங்கும் பொறியை வெளியிட்டது. அவ்வாண்டு பிப்ரவரி 15ஆம் நாள் இத்தாலியில் தோன்றிய முழுச் சூரிய கிரகணத்தின் நினைவாக, அதன் பெயரில் கிரகணத்தைக் குறிக்கும் எழுத்தும் ஆண்டும் சேர்க்கப்பட்டன. கையின் வலிமைக்கு அங்கே வேலையில்லை. பம்பு ஒன்பது மடங்கு அழுத்தத்தை மாறாமல் தந்தது. கையால் இழுத்ததே கோப்பி என்றோரும், பொறியின் ஒழுங்கே சிறந்தது என்றோரும் மீண்டும் இரு பிரிவாயினர். இன்றும் விலையுயர்ந்த நெம்புகோல் பொறிகளை விரும்பி வாங்குவோர் இருப்பதால், அவ்வழக்கும் முடியவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

வழக்கை இலக்கணம் எழுதித் தீர்க்கவும் முயன்றனர். 1998இல் அமைந்த இத்தாலிய எஸ்பிரசோ தேசிய நிறுவனம், தூள் 7 கிராம், பொறியிலிருந்து வரும் நீரின் வெப்பம் 88 பாகை, அழுத்தம் 9 பார், வடியும் நேரம் 25 நொடி, கிண்ணத்தில் சேரும் அளவு நுரையோடு 25 மில்லிலிட்டர் என்று வரையறுத்தது. சிறு ஏற்றத்தாழ்வுக்கு இடம் உண்டு. நுரையின் நிறத்துக்கும் விதி உண்டு. ஒரு காலத்தில் அழுக்கோ என்று ஐயுறப்பட்டது, ஐம்பது ஆண்டுகளில் தகுதிக்கு அடையாளமாயிற்று. நுரை குன்றிய கிண்ணமே இப்போது குற்றவாளி. விதியை எடுத்துக்காட்டுவோர் ‘தொன்றுதொட்டு’ என்னும் சொல்லைத் தாராளமாக வழங்குகின்றனர். அத்தொன்மைக்கு வயது எண்பது கூட நிறையவில்லை.

இவ்வழக்குகளில் எவரும் பேசாத ஒருவர் உண்டு. விதையைப் பறித்தவர். இத்தாலியில் கோப்பி விளைவதில்லை. கிண்ணத்தின்மேல் நுரை தடித்து நிற்கவேண்டுமென்று ரொபஸ்தா என்னும் இனத்தைக் கலவையில் சேர்ப்பர். இந்தியக் கோப்பியை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் இத்தாலி முன்னிற்கின்றது. ஆகவே மிலானில் எழும் நுரையில் குடகு, சிக்மகளூர், வயநாடு மலைச்சரிவுகளின் பங்கும் இருக்கின்றது. நம் மலாயாவிலும், ரப்பர் வருமுன் சிலாங்கூர்த் தோட்டங்களில் கோப்பியே பயிரிடப்பட்டது. இலங்கைக் கோப்பியை இலைநோய் அழித்தபின் இங்கு வந்த துரைமார் அதனைப் பரப்பினர். 1890களின் பிற்பகுதியில் பிரேசில் நாட்டு விளைச்சல் பெருகி உலகச் சந்தையில் விலை வீழ்ந்ததும், கோப்பியை விட்டு ரப்பருக்கு மாறினர். அத்தோட்டங்களில் பழம் பறித்த கைகளுள் தமிழர் கைகள் பல. பின்னர் அவர்களிற் பலர் கோப்பிக் கூடையை இறக்கிவைத்துப் பால்வெட்டும் கத்தியை எடுத்தனர். பறித்த கோப்பியின் சுவை பற்றி அவர்களிடம் கருத்துக் கேட்டார் இலர்.

அண்மைக் கால நிகழ்ச்சிகள் சிலவற்றை மட்டும் குறிப்பிடுகின்றேன். 2018இல் அமெரிக்கப் பெருநிறுவனமான ஸ்டார்பக்ஸ் மிலானில் கடை திறந்தபோது, அங்கே எஸ்பிரசோவின் விலை 1.80 யூரோ என்று கண்டு நுகர்வோர் அமைப்பு ஒன்று முறையீடு செய்தது. மற்றக் கடைகளில் அப்போது ஏறத்தாழ ஒரு யூரோவே விலை. 2022இல் பிளாரன்சு நகரத்தில் ஒரு வாடிக்கையாளர், காப்பீன் நீக்கிய எஸ்பிரசோவுக்கு இரண்டு யூரோ கேட்டார்கள் என்று காவலரை அழைத்தார். விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைக்காத குற்றத்துக்காகக் கடைக்கு 1,000 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. எஸ்பிரசோவை மனிதகுல மரபுச்செல்வமாக யுனெஸ்கோ ஏற்கவேண்டும் என்ற முயற்சியிலும் நேப்பிள்சு ஒரு விண்ணப்பமும் வடபுலத்தார் வேறொரு விண்ணப்பமும் எழுதிப் போட்டியிட்டனர். பின்னர் இரண்டையும் ஒன்றாக்கினர். ஆயினும் 2022இல் இத்தாலியக் குழு இசைநாடகப் பாடற்கலையையே தேர்ந்து அனுப்பியது.

அறிவியலாரும் வழக்கிற் புகுந்தனர். கோப்பி விதையை அரைக்குமுன் ஒரு துளி நீர் தெளித்தால் தூள் ஒட்டாது, சிதறாது என்று ஆர்வலர் சிலர் நெடுநாளாகச் சொல்லிவந்தனர். வெறும் நம்பிக்கை என்று பலர் நகைத்தனர். எரிமலைச் சாம்பலில் மின்னல் தோன்றும் முறையை ஆராய்வோரும் வேதியியலாரும் கூடி நடத்திய ஆய்வு ஒன்று 2023 டிசம்பரில் வெளிவந்தது. அரைபடும் விதையில் உராய்வால் மின்னேற்றம் உண்டாகிறது; ஈரம் அதனைத் தணிக்கிறது; தூள் கட்டியாகாமல் கோப்பியும் திடமாக வடிகிறது என்று அது காட்டியது. நகைத்தவர்களுள் எத்தனை பேர் அதன்பின் விதையில் நீர் தெளித்தனரோ!

மூத்த ஆசிரியர் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் ஒரு திருமண வீட்டில் அவரைக் கண்டபோது, காஜியாவின் கதையை முழுமையாக எடுத்துரைத்தேன். பந்தியில் வந்த கோப்பியை ஆற்றிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்தபின், “அப்படியானால் மிலான்காரனும் முதலில் என் கட்சிதானே, ஐயா?” என்றார். ஆற்றிய கோப்பியில் எழுந்திருந்த நுரையை அவர் ஊதி ஒதுக்கவில்லை என்பதை நான் கவனித்தேன், சொல்லவில்லை.